கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா, ரோபாட்டிக்ஸா: எந்தப் பிரிவை எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. கணக்கு நன்றாக வருகிறது, இயற்பியல் பிடிக்கும், வேதியியல் சுமார். மெஷின்கள் மேல் ஆசை. வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் மாதிரி கோர் பிராஞ்ச் எடுத்தால் வேலை கிடைக்காது என்கிறார் ஒருவர். ஏஐ வந்தபிறகு கம்ப்யூட்டர் படிப்பே வீண் என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் ரோபாட்டிக்ஸ் என்று ஒரு பிரிவு கண்ணில் பட்டிருக்கிறது, அதை எடுத்தால் இரண்டும் கிடைத்துவிடுமா என்ற சபலமும் இருக்கிறது. கடைசியில் "எதற்கு எதிர்காலம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: எதை எடுத்தால், நாலு வருஷம் கழித்து "பேசாமல் அதை எடுத்திருக்கலாம்" என்று புலம்பாமல் இருப்பேன்? எதிர்காலக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. புலம்பல் கேள்விக்கு ஓரளவு சொல்லலாம்.

நான் படித்தது மெக்கானிக்கல். பம்ப், கம்ப்ரஸர், டர்பைன் போன்ற சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து கோளாறைக் கண்டுபிடிப்பது என் தொழில். பல வருஷங்களாகப் புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வருவார்கள். அதனால் தொழிற்சாலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். பயோமெடிக்கல், டெக்ஸ்டைல் போன்றவற்றை நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

எதிர்காலத்தை ஏன் யாராலும் சொல்ல முடியாது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். 2012-இல் பெட்ரோலியம் இன்ஜினியரிங்கில் சேர்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற காலம். சேர்ந்தது புத்திசாலித்தனம் என்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். 2014 நடுவில் விலை சரியத் தொடங்கி, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அவர் பட்டம் வாங்கிய வருஷம் அதுதான். கம்ப்யூட்டர் பக்கமும் இதே கதை உண்டு. 1990களின் கடைசியில் டாட்காம் எனப்பட்ட இணைய கம்பெனிகளின் மயக்கத்தில் கூட்டமாகச் சேர்ந்தவர்கள், 2001, 2002-இல் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தபோது வெளியே வந்தார்கள். அதைப் பார்த்து மிரண்டு, அமெரிக்காவில் அடுத்த சில வருஷங்களுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்பவர்களே குறைந்துபோனார்கள். அந்தக் காலியான வகுப்புகளில் துணிந்து உட்கார்ந்தவர்கள் படித்து முடித்து வேலை பழகுவதற்குள் ஐஃபோன் வந்து, ஸ்மார்ட்ஃபோன் செயலிகளின் காலம் பிறந்துவிட்டது. சேரும் வருஷத்தின் வேலைச் சந்தை, முடிக்கும் வருஷத்தின் சந்தையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. யாராவது "இந்தப் பிரிவுக்குத்தான் அடுத்த பத்து வருஷம்" என்று அடித்துச் சொன்னால், அவர் விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒவ்வொரு பிரிவிலும் தினசரி வேலை எப்படி இருக்கும் என்பது. நான் நன்றாக அறிந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு பம்ப் வழக்கத்தைவிட அதிகமாக அதிர்கிறது. மெக்கானிக்கல் ஆள் பேரிங்கில் கைவைத்துப் பார்ப்பார், மோட்டார் ஷாஃப்ட்டும் பம்ப் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளப்பார். எலெக்ட்ரிக்கல் ஆள் அதிர்வெண் என்ன என்று கேட்பார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரில் சரியாக 100 ஹெர்ட்ஸில் அதிர்வு தூக்கலாக இருந்து, சுவிட்சை அணைத்த கணமே அது மறைந்தால், கோளாறு மின்காந்தப் பக்கம் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்றுவது மெல்ல நிற்க நிற்க அதிர்வும் மெல்லக் குறைந்தால், அது மெக்கானிக்கல் ஆளின் பாடு. கெமிக்கல் ஆள் உள்ளே என்ன திரவம், எத்தனை டிகிரி என்பார். உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் அந்தத் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழிகள் உண்டாகி, அழுத்தம் ஏறும் இடத்தில் நொறுங்கும். பம்புக்குள் ஜல்லியைக் கொட்டி அரைப்பதுபோலச் சத்தம் வரும், நாளடைவில் உள்ளே சுழன்று திரவத்தைத் தள்ளும் இம்பெல்லரே அரித்துப்போகும். சிவில் ஆள் குனிந்து அடித்தளத்தைப் பார்ப்பார்: போல்ட் தளர்ந்திருக்கிறதா, அடியில் இடைவெளியை நிரப்ப ஊற்றிய கிரவுட் என்ற சிமென்ட் கலவை விட்டுப்போயிருக்கிறதா? கம்ப்யூட்டர் ஆள் பம்ப் பக்கமே வரவேண்டியதில்லை. ஆறு மாத சென்சார் பதிவை இறக்கி, எந்தத் தேதியிலிருந்து அதிர்வு ஏற ஆரம்பித்தது, அன்று வேறு என்ன மாறியது என்று தோண்டுவார்.

இந்த ஐவரில் யாருடைய வேலையைப் படிக்கும்போது உங்களுக்கு "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றியது? அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் மேல் ஆசை என்கிறீர்களே, அது கையாளும் ஆசையா, உள்ளே நடப்பதைக் கணக்கிடும் ஆசையா என்று உங்களுக்கே தெரியவேண்டும். கார் பிடிக்கும் என்று மெக்கானிக்கலுக்கு வந்து, தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் என்ட்ரோபியைக் கண்டதும் முகம் சுருங்கியவர்கள் ஏராளம். கேம் பிடிக்கும் என்று கம்ப்யூட்டருக்குப் போய், தனிநிலைக் கணிதத்தில் (டிஸ்க்ரீட் மேத்ஸ்) நிரூபணம் எழுதச் சொன்னதும் திகைத்தவர்களும் அப்படித்தான். ஒரு பொருள் பிடித்திருப்பது வேறு, அந்தப் பொருளுக்குப் பின்னாலுள்ள வேலை பிடித்திருப்பது வேறு. வேதியியல் பிடிக்கும் என்பதற்காகக் கெமிக்கல் எடுப்பவர்களுக்கும் இதே அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே வினைகளைவிடக் குழாயில் ஓட்டம், வெப்பக் கடத்தல், வடித்துப் பிரித்தல்தான் அதிகம். குடுவையில் அடக்கமாக நடக்கும் வினையை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிய கலனுக்கு மாற்றினால், வெப்பத்தை உண்டாக்கும் கன அளவு 1000 மடங்கு ஏறுகிறது, அதை வெளியேற்றும் சுவர்ப் பரப்போ 100 மடங்குதான் ஏறுகிறது. குளிர்விக்க வழி செய்யாவிட்டால் கலன் வெடிக்கலாம். கெமிக்கல் இன்ஜினியரின் தலைவலி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். அதனால் பள்ளி வேதியியலில் நீங்கள் சுமார் என்பதை மட்டும் வைத்து அதை ஒதுக்க வேண்டாம், ஆசை இல்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

யாரும் கேட்காத, ஆனால் நான் முக்கியமாகக் கருதும் ஓர் அளவுகோல் இருக்கிறது: செய்தது தப்பு என்று எப்போது தெரியவரும்? மனநிலைக்கும் பிரிவுக்கும் பொருத்தம் பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. சாஃப்ட்வேரில் பெரும்பாலும் நொடிகளில் தெரிந்துவிடும். ஓட்டிப் பார்க்கலாம், உடையும், திருத்தலாம், மறுபடி ஓட்டலாம். சிப் வடிவமைப்பில் வரைபடத்தைத் தயாரிப்புக்கு அனுப்பிவிட்டு, சிலிக்கான் கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பகுதியில் இருந்த ஒரு பிழைக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். இயந்திரங்களில் மாதிரி செய்து சோதிக்கலாம், ஆனால் தேய்மானமும், சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி விரிசல் விடும் உலோகக் களைப்பும் வெளிவர வருஷங்கள் ஆகும். சிவிலில் பாலத்தைக் கட்டிச் சோதித்துவிட்டு மறுபடி கட்ட முடியாது. அதனால்தான் அந்தத் துறையில் விதிநூலும் பாதுகாப்புக் காரணியும் கையெழுத்துப் பொறுப்பும் அவ்வளவு கனமாக இருக்கின்றன.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு சிறு பரீட்சையாகவும் இருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் கூடத்தில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. முதல் வரைபடப்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரை போகும். ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் ஒரு நட். கட்டும்போது வேலை சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியை இரண்டாக்கினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலம் வரை, இன்னொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை. பார்ப்பதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது ஒரு தாள் எடுத்து, மேல் பாலத்து நட்டின் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று இரண்டு அமைப்புக்கும் வரைந்து பாருங்கள். முதல் அமைப்பில் அது மேல் பாலத்தை மட்டும் தாங்குகிறது. இரண்டாவதில் கீழ்ப் பாலமும் மேல் பாலத்திலேயே தொங்குவதால், அதே நட் இரண்டையும் தாங்குகிறது. சுமை இரட்டிப்பு. 1981 ஜூலை 17 அன்று இரண்டு பாலங்களும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இதில் உள்ள கணக்கு முதல் வருஷ ஸ்டாடிக்ஸ் (அசையாத பொருள்களின் மேல் விழும் விசைகளின் கணக்கு), அதற்கு மேல் எதுவும் இல்லை.

படித்ததும் நிஜமாகவே தாளைத் தேடினீர்கள் என்றால், சிவிலும் மெக்கானிக்கலும் உங்களுக்கு ஒத்துவரும். "இவ்வளவு பொறுப்பை நான் சுமக்க மாட்டேன்" என்று தோன்றினால், அதுவும் உங்களைப் பற்றிய நேர்மையான தகவல்தான். ஆனால் சாஃப்ட்வேரில் பொறுப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிகூட ஆகாமல் சிதறியதற்குக் காரணம், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணித்த ஒரு வரி. பழைய ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல் அது.

அடுத்தது, ஒரு பிரிவை எடுத்தால் மற்ற கதவுகள் மூடிவிடுமா என்ற பயம். பிரிவுகளுக்கு நடுவில் உள்ள வேலிகள் வரலாற்றில் ஒவ்வொன்றாகப் போடப்பட்டவை. லண்டனில் 1818-இல் சிவில் பொறியாளர்களுக்குச் சங்கம் வந்தது. 1847-இல் மெக்கானிக்கல்காரர்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். 1871-இல் தந்திப் பொறியாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் பிறகு எலெக்ட்ரிக்கல் சங்கமாயிற்று. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனித் துறை தொடங்கியது 1962-இல்தான். வேலிக்குக் கீழே மண் ஒன்றே. ஸ்பிரிங்கில் தொங்கும் எடை ஆடுவதற்கும், காயிலும் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்த சர்க்யூட்டில் மின்னூட்டம் ஆடுவதற்கும் எழுதப்படுவது ஒரே வகைக்கெழுச் சமன்பாடு. நிறை இருந்த இடத்தில் இண்டக்டன்ஸ், உராய்வு இருந்த இடத்தில் மின்தடை, அவ்வளவுதான். ஒன்றை ஒழுங்காகப் படித்தவர் மற்றதில் நுழைவதற்குப் பாதி வழி வந்துவிட்டார்.

கூகுளின் சுந்தர் பிச்சை படித்தது உலோகவியல், மைக்ரோசாஃப்ட்டின் சத்ய நாதெல்லா படித்தது எலெக்ட்ரிக்கல் என்று இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். உண்மைதான். ஆனால் இருவரும் அதோடு நிற்கவில்லை, மேற்படிப்பு படித்தார்கள். கோடியில் ஒருவரை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. நான் பார்த்தவரை, எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படித்தவர்கள் சாஃப்ட்வேருக்குப் போவது சகஜம். அங்கிருந்து இந்தப் பக்கம் திரும்பி வருபவர்கள் மிகக் குறைவு. இரண்டு காரணங்கள் தெரிகின்றன. நிரலாக்கத்தைச் சொந்தமாகக் கற்றுக்கொள்ள ஒரு கணினி போதும், டர்பைனையோ உயர் மின்னழுத்தத்தையோ வீட்டில் வைத்துப் பழக முடியாது. இன்னொன்று, கட்டுமானம் போன்ற துறைகளில் வரைபடத்தில் கையெழுத்திட உரிமம் வேண்டும், உரிமத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டம் வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. வெளிநாட்டில் இந்த வேலை செய்யும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரும் படிப்பு, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்காக 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தத்தின்கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் என்றால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதற்காக, சாஃப்ட்வேர் வேலைக்குப் போகும் முடிவோடு கோர் எடுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதே நேர்வழி. ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், நெட்வொர்க் இவற்றையெல்லாம் பிறகு தனியாக உட்கார்ந்து படிப்பவர்கள் குறைவு. சுற்றிவந்து சேர்ந்தவர்களிடம் அந்த ஓட்டை பல வருஷம் தெரியும்.

ஏஐ வந்தபிறகு என்னவாகும் என்பது சந்தேகக் கணக்கில் சேர்கிறது. வழக்கமான நிரலை எழுதித் தள்ளும் வேலை ஏற்கெனவே மாறிவிட்டது. என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதும், வந்தது சரியா என்று சோதிப்பதும் இப்போதைக்கு மனிதர் கையில்தான் இருக்கின்றன. இதோடு ஒப்பிடக்கூடிய ஒன்று எங்கள் பக்கம் ஒருமுறை நடந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் நாசா உருவாக்கிய நாஸ்ட்ரான் போன்ற மென்பொருள்கள் வந்தபோது, தாளில் மணிக்கணக்கில் போட்ட தகைவுக் கணக்கை (ஸ்ட்ரெஸ், அதாவது சுமையால் பொருளுக்குள் எழும் விசையின் கணக்கை) கணினி போட ஆரம்பித்தது. கணக்குப் போடுபவர்களின் தேவை குறைந்தது. திரையில் வண்ண வண்ணமாக வரும் விடை அபத்தமா, நம்பத்தக்கதா என்று சொல்லத் தெரிந்தவர்களின் தேவை கூடியது. அதே மாதிரி இப்போதும் நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் ஏஐ தொடும், மற்ற பிரிவுகள் பத்திரம் என்ற பேச்சை நான் நம்பவில்லை. திரைமுன் செய்யும் வேலை எங்கள் பிரிவுகளிலும் பாதிக்கு மேல் இருக்கிறது.

ரோபாட்டிக்ஸுக்கு வருகிறேன். ரோபாட் என்பது மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் கன்ட்ரோலும் நிரலாக்கமும் சேர்ந்தது. இவை அத்தனையையும் இளங்கலையிலேயே நான்கு வருஷத்துக்குள் அடைத்தால் ஒவ்வொன்றிலும் கால்வாசிதான் கிடைக்கும் ஆபத்து உண்டு. நன்றாக நடத்தும் இடங்களும் இருக்கின்றன, அதனால் பெயரைப் பார்த்து எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சிலபஸை இறக்கி, அதே கல்லூரியின் மெக்கானிக்கல் சிலபஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டைனமிக்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிரலாக்கம் நாலும் முழுப் பாடங்களாக இருக்கின்றனவா, ஆய்வகத்தில் மாணவர்கள் கைவைக்கக்கூடிய ரோபாட் இருக்கிறதா, பாடம் நடத்துபவர்கள் எந்தத் துறையில் படித்தவர்கள் என்று பாருங்கள். ஏஐ, டேட்டா சயின்ஸ் என்ற பெயரில் வரும் பிரிவுகளுக்கும் இதே சோதனைதான். நிகழ்தகவு, லீனியர் அல்ஜீப்ரா இரண்டும் ஒரு செமஸ்டராவது முழுசாக இல்லாமல், டூல்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருந்தால் விட்டுவிடுங்கள். டூல்கள் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். இன்றைய நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்கும் பேக்ப்ராப்பகேஷன் 1986-இல் பரவலாக அறியப்பட்ட முறை, அதன் உயிர்நாடி பள்ளியில் நீங்கள் படித்த வகையிடலின் சங்கிலி விதி.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்க்கிறேன்: எலெக்ட்ரிக்கல். கணக்கு நன்றாக வரும், மெஷின் பிடிக்கும், வேதியியல் வேண்டாம் என்பவருக்கு இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. மோட்டார், பேட்டரி வண்டி, மின் கட்டம், கன்ட்ரோல் என்று இயந்திரப் பக்கமும் போகலாம், சிக்னல், எம்பெடெட் (கருவிகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறு கணினிகள்) என்று கணினிப் பக்கமும் போகலாம். கஷ்டம் என்னவென்றால் இங்கே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. புலங்களையும் கலப்பெண்களையும் மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும். அது வராதவர்கள் இரண்டாம் வருஷமே களைத்துவிடுகிறார்கள்.

எப்படிச் சோதிப்பது? முதல் வருஷம் ஏறக்குறைய எல்லாப் பிரிவுக்கும் பொதுவாக இருக்கும், அதை வைத்து எதுவும் தெரியாது. மூன்றாம் செமஸ்டர் பாடங்களை எடுங்கள். மெக்கானிக்கலுக்குத் தெர்மோடைனமிக்ஸ், எலெக்ட்ரிக்கலுக்கு சர்க்யூட் தியரி, கம்ப்யூட்டருக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அத்தியாயங்களை, வாரத்துக்கு ஒரு பாடமாக, கணக்குகளைப் போட்டே படியுங்கள். புரிகிறதா என்பதைவிட, புரியாதபோது என்ன செய்தீர்கள் என்று கவனியுங்கள். எதில் மாட்டிக்கொண்டபோது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையோ அதை முதலில் வையுங்கள். வீட்டாரிடம் பேசவும் இது உதவும். "ஆசை" என்று சொல்வதைவிட, போட்ட கணக்குகளைக் காட்டிப் பேசுவது எடுபடும்.

நல்ல கல்லூரியில் இரண்டாம் விருப்பமா, சுமாரான கல்லூரியில் முதல் விருப்பமா என்ற சிக்கல் வந்தால், என் சாய்வு நல்ல கல்லூரிப் பக்கம், இரண்டாம் விருப்பம் வெறுக்கும் பாடமாக இல்லாதவரை. உடன் படிப்பவர்களிடமிருந்து கற்பது ஆசிரியரிடம் கற்பதற்குச் சமம் என்பது என் அனுபவம். இதில் எதிர்க்கருத்து உள்ளவர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள். முதல் வருஷ மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாற்றிக்கொள்ளப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன, வேறு துறையில் மைனர் (துணைப் பாடப்பிரிவு) எடுக்கவும் சில இடங்களில் வழி இருக்கிறது. எத்தனை பேருக்கு மாற்றம் கொடுக்கிறார்கள், எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு என்பதை விண்ணப்பம் போடும் முன்பே அங்கே இரண்டாம் வருஷம் படிக்கும் மாணவர் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். விதி ஏட்டில் இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் காலி இடம் இருக்காது.